கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில்

தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் எங்கே ஓடியது தெரியுமா? சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே! 1931 மே மாதம் தொடங்கிய அந்தச் சேவை, மீட்டர் கேஜ் பாதையில் ஓடியது. 2004-ல் இந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில்கள் விடைபெற்றன. இன்று ஓடுபவை அகலப்பாதை ரயில்கள்.

காலையிலும் மாலையிலும் அருகே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் வாகனங்கள் ஊர்ந்து செல்லும் வேளையில், தனிப்பாதை இருப்பதால் இந்த ரயில்கள் சாலை நெரிசலில் சிக்குவதில்லை. எழும்பூரிலோ கிண்டியிலோ இறங்கினால் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ளலாம். தினமும் போய்வருபவர்களுக்கு சீசன் டிக்கெட் சிக்கனமானது.

வண்டியில் கூட்டம் நிரம்பியிருந்தால் படியில் தொங்காதீர்கள். அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள். தாமதத்தை ஈடுகட்டிவிடலாம், உயிரை ஈடுகட்ட முடியாது.