நத்தைக்குப் போடும் வேலி

அடைமழை விட்ட காலையில் புழக்கடைக்குப் போனால், நேற்றுத் தளதளவென்றிருந்த கீரைப் பாத்தி மொட்டையாக நிற்கும். பக்கத்துச் சுவரில் வெள்ளிக்கோடு மாதிரி ஒரு பசைத் தடம். "ஆடு மாடு எதுவும் வரலையே, யார் மேய்ஞ்சது?" என்று திகைப்போம். நத்தைதான்!

அதிலும் ஆப்பிரிக்க ராட்சத நத்தை என்றால் கேட்கவே வேண்டாம். 1847-ல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தது. இன்று கேரளத்து விவசாயிகளைப் படாத பாடு படுத்துகிறது. ஒரு தடவைக்கு 100 முட்டைக்கு மேலும் இடும். வெயில் காலத்தில் ஓட்டை அடைத்துக்கொண்டு தூங்கும், மழைக்கு எழுந்துவிடும். வாங்கிவரும் தொட்டிச் செடியின் மண்ணோடும் வந்து சேரும். எனவே விழுப்புரம், திண்டிவனம் சகோதரிகளே, ஐப்பசி மழைக்கு முன்பே கண் வைத்திருங்கள்.

பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் காய்ந்த சுண்ணாம்புத் தூளும் சாம்பலும் தூவலாம். அது நத்தையின் ஈர உடம்பை உறுத்தும். மழையில் கரைந்தால் மறுபடி போட வேண்டும். பாத்தியில் மட்டும் உப்பைக் கொட்டாதீர்கள்; மண் கெட்டுச் செடியே வாடிவிடும். பப்பாளி, முருங்கை மரமானால் அடித்தண்டில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைப் பூசலாம்.

கேரளத்தில் புகையிலைக் கஷாயத்தோடு மயில்துத்தக் கரைசலைக் கலந்து நத்தை மேல் தெளிக்கிறார்கள். இரண்டுமே விஷம்! சமையல் பாத்திரத்தில் காய்ச்சவோ கலக்கவோ கூடாது. கிணறு, குளத்துப் பக்கம் தெளிக்கவும் கூடாது, மீன் செத்துவிடும். கடையில் விற்கும் மெட்டால்டிஹைடு குருணையோ தீனி போல இருக்கும். தவழும் குழந்தையும் நாயும் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து.

சின்னத் தோட்டத்துக்கு இந்த விஷமெல்லாம் தேவையே இல்லை. சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அதில் முட்டைக்கோஸ் அல்லது பப்பாளி இலையைப் போட்டு வையுங்கள். விடியற்காலையில் சாக்கில் நத்தைகள் கூடியிருக்கும். கையுறையோ பாலிதீன் பையோ மாட்டிக்கொண்டு பொறுக்கி, ஒரு வாளி கெட்டியான உப்புத் தண்ணீரில் போட்டு, பிறகு செடி இல்லாத இடத்தில் ஆழப் புதையுங்கள்.

வெறுங்கை கூடவே கூடாது. எலிகளிடமிருந்து இந்த நத்தைக்குத் தொற்றும் ஒரு புழு, மனிதர் வயிற்றுக்குள் போனால் மூளை உறையில் அழற்சியை உண்டாக்கும். வயல் நத்தை சமைக்கும் வழக்கமுள்ள வீடுகளிலும் இதைத் தொட வேண்டாம். தோட்டத்துக் கீரையை நன்றாக அலசி வேகவையுங்கள். "கூடு அழகா இருக்கும்மா" என்று குழந்தை கையில் எடுத்துவந்தால், அதட்டாமல் வாங்கிப் போட்டுவிட்டு, முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள்.