கப்பல் ஏறப் போறீங்களா? கேட்டோடு திரும்பாமல் இருக்க சில சங்கதிகள்!

சென்னை துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் வந்து நின்றால் போதும். ராயபுரம் கல்மண்டபம் டீக்கடை முதல் திருவொற்றியூர் தேரடி வரை அதே பேச்சுதான்.

"இன்னா நைனா, உள்ளார நீச்சல் குளம் கீதாமே?"

"எத்தனை தபா வேணும்னாலும் துன்னலாமாமே?"

நீச்சல் குளமும் உண்டு. சாப்பாடும் உண்டு. ஆனால் கப்பலேறுகிறவர் முதலில் கேட்க வேண்டியது இதெல்லாம் இல்லை. ரயிலைத் தவற விட்டால் அடுத்த ரயில் இருக்கிறது. பஸ்ஸில் தலை சுற்றினால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கலாம். கப்பலில் இரண்டும் நடக்காது!

2022 ஜூன் 4-ந் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் கொடியசைக்க, 'எம்பிரஸ்' என்ற கப்பல் சென்னையில் இருந்து புறப்பட்டது. 1990-ல் பிரான்ஸ் நாட்டில் கட்டி முடித்த கப்பல் அது. 11 தளம். 796 அறை. சுமார் 1,800 பேர் போகலாம். மறு ஆண்டு, 2023 ஜூன் 5-ந் தேதி, அதே கப்பல் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று ஊர்கள்.

இந்த மாதிரி கப்பல்கள் வருஷம் முழுக்க இங்கேயே நிற்பதில்லை. பருவத்துக்குப் பருவம் ஊர் மாறும். பணம் கட்டும் முன் தேதியை விசாரியுங்கள்.

எண்ணூரில் ஏறலாமா?

எர்ணாவூர் பக்கத்துக்காரர்கள் கேட்கிற கேள்வி இது. முடியாது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் நிலக்கரியும் காரும் ஏற்றி இறக்குகிற இடம். காட்டுப்பள்ளி கன்டெய்னருக்கு. ஆள் ஏறுகிற கப்பல் ராஜாஜி சாலை பக்கம், சென்னை துறைமுகத்துக்குத்தான் வரும்.

அங்கே போய்ச் சேருவது எப்படி? எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை எப்போது பிடித்துக் கொள்ளும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். பெட்டி படுக்கையோடு ஆட்டோவில் மாட்டிக் கொண்டால் பேஜார்தான். விம்கோ நகரில் இருந்து மெட்ரோ ஓடுகிறது. மண்ணடியில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடிப்பது உத்தமம். மின்சார ரயில் என்றால் பீச் ஸ்டேஷன். எந்த கேட் என்று டிக்கெட்டோடு வருகிற தாளில் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் போனால் மதில் சுவர் ஓரமாக மூட்டை தூக்கிக் கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பலர் ஏமாறுகிற இடம் இன்னொன்று. டிக்கெட்டில் இரண்டு நேரம் இருக்கும். ஒன்று கப்பல் கிளம்பும் நேரம். மற்றது பயணிகளைச் சேர்ப்பது முடியும் நேரம். இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் வித்தியாசம் இருக்கும். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். அது தாண்டினால், கப்பல் கண் எதிரே நின்றாலும் உங்களுக்கு இல்லை!

இனிஷியல் தகராறு

உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட் தேவையில்லை. ஆதார், வாக்காளர் அட்டை மாதிரி அரசு கொடுத்த அசல் அட்டை வேண்டும். ஜெராக்ஸை நம்பிப் போகாதீர்கள். துறைமுகத்தில் காவல் இருப்பது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை. அவர்களிடம் "நம்ம ஏரியாதான் சார்" என்பது செல்லாது.

அட்டை அசலாக இருந்தும் சிலர் விழிப்பார்கள். காரணம் நம் ஊர் இனிஷியல். டிக்கெட்டில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்போர்ட்டில் அது முன்னும் பின்னுமாக. டிக்கெட் போடும்போதே அட்டையில் உள்ளபடி எழுத்து எழுத்தாகக் கொடுங்கள். கைக்குழந்தைக்கும் அடையாளச் சான்று வேண்டும்.

வெளிநாடு தொடுகிற கப்பல் என்றால் பாஸ்போர்ட் கட்டாயம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆயுள் மிச்சம் இருக்கட்டும். விசா விதி அடிக்கடி மாறுவதால், ஏறும் மாதத்தில் ஒரு தடவை கேட்டுக் கொள்ளுங்கள்.

நிறைமாத கர்ப்பிணிகளுக்கு இடம் இல்லை. ஆறு மாத கர்ப்பத்துக்கு மேல் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை. ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கும் அப்படியே. பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்து கொண்டு என்ன பயன்?

துட்டு எவ்வளவு?

தண்டையார்பேட்டை கடைக்காரர் ஒருவர் நம்மிடம் விளம்பரத்தை நீட்டினார். "சார், இந்த ரேட்டுக்குக் குடும்பத்தோட போய்ட்டு வந்துடலாம் போல இருக்கே!"

போகலாம். ஆனால் அந்தப் பெரிய எழுத்துக்குக் கீழே சின்ன எழுத்து இருக்கிறது. அந்த ரேட் ஓர் ஆளுக்கு. அதுவும் ஓர் அறையில் இரண்டு பேர் இருந்தால். தனி ஆளாகப் போனால் அறையின் மற்ற பாதிக்கும் சேர்த்து வாங்குவார்கள். அதன் மேல் ஜி.எஸ்.டி., துறைமுகக் கட்டணம், ஊழியர் டிப்ஸ். மது, இணையம், ஊர் சுற்றிக் காட்டுவது எல்லாம் பெரும்பாலும் தனிக் கணக்கு.

உள்ளே ரொக்கம் புழங்காது. அறைச் சாவியாக ஒரு கார்டு தருவார்கள். எதை வாங்கினாலும் அதைத் தேய்ப்பார்கள். துட்டு கண்ணில் படாததால் செலவு தெரியாது. கடைசி நாள் பில் வரும்போதுதான் தெரியும்! தினம் ராத்திரி கவுன்டரில் கணக்கு கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ரேட் குறைந்த அறைக்கு ஜன்னல் இருக்காது. தூங்க மட்டும் அறை போதும் என்பவருக்கு அதுவே பேஷ். மூச்சு முட்டுகிறவர் வேறு அறை கேட்கலாம்.

செல்போன் விஷயத்தில் உஷார். கரை மறைந்ததும் நம்ம டவர் போய்விடும். அப்புறம் போன் தானாகக் கப்பலின் சாட்டிலைட் இணைப்பைப் பிடித்துக் கொண்டால், ஊர் வந்த பிறகு பில் மயக்கம் போட வைக்கும். ஏறியதும் 'பிளேன் மோட்' போடுங்கள்.

வாந்தி வருமா?

காசிமேட்டில் கேளுங்கள். விசைப்படகில் முதல் தடவை போகிற பையன் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் குடலைப் பிடுங்கிக் கொண்டுதான் வருவான். கண் அசையாத சுவரைப் பார்க்கிறது. காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்போ ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப் போகாததால்தான் குமட்டல்.

பெரிய கப்பலில் ஆட்டம் குறைவு. அப்படியும் பயந்தவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவே அறை கேளுங்கள். சீசா பலகையின் நடுவே உட்கார்ந்தவனுக்கு ஆட்டம் குறைவு அல்லவா? குமட்டினால் அறைக்குள் சுருண்டு படுக்காமல் மேலே வந்து தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் ஆகாது, முட்டத் தின்பதும் ஆகாது. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பின் போட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடல் கொஞ்சம் கோபக்காரி.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். அந்தப் பெட்டி அறைக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகலாம்.

சங்கு ஊதினால்...

சிங்கப்பூர்க் கப்பல் 'சிதம்பரம்' ராயபுரத்துப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சென்னை, நாகப்பட்டினம் என்று தொட்டுப் போன கப்பல். பர்மா பஜாருக்கு அதில் வந்த சாமான் கொஞ்சமா? 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் உயிரிழந்தார்கள். அத்தோடு அந்தப் போக்குவரத்தே நின்றது.

"இஸ்திரிப் பெட்டி கொண்டு போகக் கூடாதாமே, இன்னா அநியாயம்?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். மின்சாரக் கெட்டில், மெழுகுவர்த்தி, ஊதுபத்தி எதற்கும் அனுமதி இல்லை. கடலில் தீ என்றால் ஓடுவதற்குத் தெரு கிடையாது.

அதனால்தான் கப்பல் கிளம்பும் முன்போ, கிளம்பிய உடனேயோ ஓர் ஒத்திகை நடத்துகிறார்கள். எல்லோரும் குறிப்பிட்ட இடத்தில் கூட வேண்டும். மிதவைச் சட்டை எங்கே, எப்படிக் கட்டுவது, எந்தப் படகு என்று காட்டுவார்கள். நம்மவர்கள் அந்த நேரத்தில்தான் போட்டோ எடுக்கப் போவார்கள்!

2012 ஜனவரி 13-ந் தேதி இத்தாலியில் 'கோஸ்டா கான்கார்டியா' பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் பலி. அன்று மாலைதான் ஏறிய பல நூறு பேருக்கு அதுவரை ஒத்திகையே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதற்குப் பிறகுதான் சர்வதேச விதியை இறுக்கினார்கள்.

ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல். இதுதான் ஆபத்துச் சங்கு. கேட்டதும் லிஃப்ட் பக்கம் போகாமல் படி வழியே உங்கள் இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் எழுத்து உங்கள் கார்டிலும் அறைக் கதவிலும் இருக்கும். குழந்தைகளையும் ஒரு தடவை நடத்திக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பத்து நிமிஷ வேலை.

சொன்ன ஊருக்குப் போகுமா?

உறுதி இல்லை. 2022 ஜூனில் புதுச்சேரிக்குப் போன 'எம்பிரஸ்' கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. கப்பல் கடலிலேயே நின்றது. பயணிகள் கரை இறங்கவில்லை. புயல் வந்தாலும் பாதை மாறும். ஊர் விட்டுப்போனால் பணம் திரும்புமா என்பது அந்தச் சின்ன எழுத்தில் இருக்கும்.

இறங்குகிற ஊரில் திரும்பி வரும் நேரத்தைக் கப்பல் கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். சாமான் பேரம் பேசி நேரம் போனால், கப்பல் காத்திராது. மீதி வழி உங்கள் செலவு.

வழியனுப்ப வருகிற மாமா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிதம்பரம் கப்பல் காலம் மாதிரி கைக்குட்டை ஆட்டலாம் என்று வந்துவிட வேண்டாம். கார்டு உள்ளவர்தான் உள்ளே. மற்றவர்கள் கேட்டோடு நின்று டாட்டா காட்டிவிட்டு பீச் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டியதுதான்.