சுழி சரி, குளம்பு சரியா?

ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடும். அங்கே ஓரமாக நின்று கவனித்தால் ஒன்று புரியும். வாங்க வருகிறவர் முதலில் நிறம் பார்க்கிறார், பிறகு நெற்றியிலும் கழுத்திலும் சுழி பார்க்கிறார். மேளத்துக்கு ஆடவிட்டுக் காட்டினால் மனசு அங்கேயே சாய்ந்துவிடுகிறது. ஊருக்கு ஏற்றி வந்த பிறகுதான் குதிரை தாங்கித் தாங்கி நடப்பது கண்ணில் படும். காலைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கிறவர்கள் குறைவு.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் மாட்டுவண்டியோடு குதிரைவண்டிப் பந்தயமும் தார்ச்சாலையில் நடக்கும். அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் குதிரை ஆசை வருவது இயல்பு. முதல் குதிரை வாங்கப் போகும் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாண்டிய நாட்டின் பழைய நட்டம்

அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கொண்டுபோன பொன்னைத் திருவாதவூரர் சிவப்பணிக்குச் செலவிட்ட இடம் நம் ஆவுடையார்கோயில் என்பது திருவிளையாடல் கதை. அந்தக் கோயிலில் பல நாட்டுக் குதிரைகளைச் சிற்பமாகவே பார்க்கலாம்.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதிவைத்தது வேறு கதை. ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்திறங்கின. ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போயின என்கிறார். லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை வேண்டுமென்றே அழைத்து வரவில்லையாம். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும்! சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் எழுதுகிறார். அவர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் பொருந்தாத தீனியும் கவனிப்பில்லாத குளம்பும் குதிரையை முடக்கிவிடும் என்பதில் இன்றைய கால்நடை மருத்துவத்துக்கும் சந்தேகமில்லை.

காலைத் தூக்குங்கள்

குதிரையின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இறங்குகிறது. அதனால் முன்னங்கால்களிலிருந்து தொடங்குங்கள். குளம்பில் எண்ணெய் பூசிப் பளபளப்பாக வைத்திருந்தால் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள். வெடிப்பும் பழைய ஆணித் துளையும் அப்போதுதான் தெரியும்.

முனை மழுங்கிய இரும்புக் கொக்கியால் அடிப்பக்கத்து மண்ணையும் சாணத்தையும் சுரண்டி எடுங்கள். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தைப் பகுதி இருக்கும், அதன் இருபுறமும் பள்ளம். பள்ளத்தில் இறங்கும் கொக்கியில் கறுப்புக் கசிவு ஒட்டிக்கொண்டு வந்து, மூக்கைப் பொத்த வைக்கும் நாற்றம் அடித்தால் அது குளம்பு அழுகல். மூத்திர ஈரத்திலும் சாணத்திலும் நாள்கணக்கில் நின்றதன் விளைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கொட்டகைகளிலும் இது எளிதில் வரும். தொடக்கத்திலேயே கவனித்து, தினமும் சுத்தம் செய்து, காய்ந்த தரையில் கட்டி, மருத்துவர் சொல்லும் மருந்தைப் போட்டால் குணமாகும். அந்த இடத்தைத் தொட்டதும் குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால் அழுகல் ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள்.

பிறகு கெட்டியான தரையில், கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக் குதிரையைத் துள்ளுநடையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைக்க முடியும். அதனால் ஒரே நாளில் பார்த்துப் பேசி முடிக்காதீர்கள்; முன்னறிவிப்பில்லாமல் இன்னொரு நாளும் போய்ப் பாருங்கள். கால்நடை மருத்துவரைக் கூட்டிப் போவதற்கு ஆகும் செலவு, குதிரை விலைக்கு முன் ஒன்றுமே இல்லை.

லேமினைடிஸ்

எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். குளம்பின் வெளி ஓட்டையும் உள்ளே இருக்கும் எலும்பையும் மென்மையான திசு மடிப்புகள் இணைத்துப் பிடித்திருக்கின்றன. அவை புண்ணாகிப் பிடி தளர்ந்தால், குதிரையின் பாரமே எலும்பைக் கீழே சாய்த்துவிடும். முற்றிய நிலையில் எலும்பின் நுனி அடிக்குளம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதும் உண்டு.

அவிழ்த்துக்கொண்ட குதிரை தானிய மூட்டையைத் தின்றுவிடுவது, குட்டி போட்டபின் நஞ்சுக்கொடி உள்ளேயே தங்குவது, கெட்டியான சாலையில் ஓயாமல் ஓட்டுவது எல்லாம் இதைக் கொண்டுவரும். பாசத்தில் பிள்ளைகள் விருந்துச் சோற்றை வாளி வாளியாகக் கொண்டுபோய் வைப்பதும் ஆபத்துதான். முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குதிரை நின்றால், நடக்கவே மறுத்தால், குளம்பு சுட்டால், காத்திருக்கக் கூடாது. குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வையுங்கள், தானியத்தை நிறுத்துங்கள், மருத்துவரை அழையுங்கள். நடக்க வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வாங்கும்போது பழைய தாக்குதலைக் கண்டுபிடிக்க வழி உண்டு. குளம்பின் வெளிச்சுவரில் வளையங்கள் இருந்து, அவற்றின் இடைவெளி முன்பக்கம் குறுகலாகவும் குதிகாலில் அகலமாகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராது. முன்பக்கம் முழுவதும் புதிதாக வளர்ந்து இறங்க ஏறக்குறைய ஓராண்டு பிடிக்கும். மோசமான குளம்போடு வாங்கினால் ஒரு பந்தயக் காலமே போய்விடும் என்பதை விலை பேசும்போது நினையுங்கள்.

6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும், லாடத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் லாடம் அடிக்கிறவர்களில் பலர் மாட்டுக்குப் பழகியவர்கள். பிளவுபட்ட மாட்டுக் குளம்பு வேறு, ஒற்றைக் குதிரைக் குளம்பு வேறு. ஆணி உயிருள்ள சதையில் ஏறினால் சீழ் வைக்கும். குதிரைக்குப் பழகிய ஆள் எங்கே இருக்கிறார் என்று வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள்.

ரணஜன்னி என்னும் டெட்டனஸ் குதிரையை எளிதில் கொல்லும். தடுப்பூசி போட்ட விவரத்தை விற்கிறவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால் போடாததாகவே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போட்டுவிடுங்கள். அடிக்குளம்பில் ஆணி குத்தி நின்றால் அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஆணி மேலும் உள்ளே ஏறாதபடி சுற்றிலும் தடிமனாகத் துணி வைத்துக் கட்டி, குதிரையை நகர்த்தாமல் 1962-க்கு அழையுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கான கட்டணமில்லா எண் அது. மேல் சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து அதிகத் தூரமில்லை.