மாட்டின் கழுத்திலிருந்து பிரேக் டிரம்முக்கு

சீவலப்பேரியில் சிற்றாறு வந்து தாமிரபரணியோடு கலக்கிறது. முக்கூடற்பள்ளு பாடிய மண் இது. அந்த நூலில் மாட்டு வகைகளுக்கும் நெல் வகைகளுக்கும் நீண்ட பட்டியலே உண்டு. இன்றும் இங்கே கார், பிசானம் என்றுதான் நெற்பருவத்தைச் சொல்கிறார்கள். ஆனால் விளைந்ததைக் களத்திலிருந்து ஏற்றிப்போகும் வண்டி அடியோடு மாறிவிட்டது. அதை இழுப்பது எது என்பதில் வந்த மாற்றம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். அதை நிறுத்துவது எது என்று கேட்பவர்கள் குறைவு.

கட்டை வண்டியை மாடுதான் நிறுத்தியது. வண்டிக்காரர் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தால் மாடு காலை ஊன்றும். குளத்துக்கரையிலிருந்து இறங்கும்போது பாரம் பின்னாலிருந்து தள்ளும். நுகத்தடி திமிலை விட்டு விலகிக் கொம்புப் பக்கம் ஏறும். அந்த உந்தல் முழுவதையும் கழுத்தும் பூட்டாங்கயிறும் தாங்கின. சரிவு கூடுதலென்றால் கூட வருபவர் பின்னால் போய் வண்டியைப் பிடித்துக்கொள்வார். ஒரு டன் ஏற்றினாலே அன்றைக்குப் பெரும் பாரம். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் மண்ணில் புதைந்து புதைந்துதான் உருளும் என்பதால், இழுப்பதை விட்டால் வண்டி தானாகவே நின்றுவிடும். பாதையே பாதி பிரேக்.

டயர் வண்டி வந்ததும் இந்தக் கணக்கு முதல்முறை பிசகியது. காற்றடைத்த டயரும் பேரிங்கும் சேர்ந்து சக்கரத்தை லேசாக உருள வைத்தன. அதே மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன. நிறுத்தும் சுமையும் அதே கழுத்தில் கூடியது. பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என்.எஸ். ராமசாமி நுகத்தடியையும் மாட்டின் கழுத்துப் புண்ணையும் பற்றிப் பல ஆண்டுகள் பேசினார். மேலாண்மைப் பேராசிரியருக்கு மாட்டு வண்டியில் என்ன வேலை என்று வியந்தவர்களும் உண்டு.

பிறகு டிராக்டர் வந்தது. சென்னையில் 1960-ல் டாஃபே டிராக்டர் நிறுவனம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் ஆற்றுப்பாசன ஊர்களுக்குள் டிராக்டர் மெல்ல மெல்ல நுழைந்தது. உழவுக்கு வந்த வண்டி, பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கும் ஏறியது. நெல், வாழைத்தார், வைக்கோல், செங்கல் எல்லாம் அதில்தான்.

இங்கே ஒரு கணக்கு போட வேண்டும். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போகிறது, டிராக்டர் 28 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 7 மடங்கு. ஆனால் நிறுத்தும்போது கரைக்க வேண்டிய ஆற்றல் 49 மடங்கு, ஏனென்றால் வேகத்தின் வர்க்கப்படி அது ஏறும். பாரமும் 4 மடங்கானால் கிட்டத்தட்ட 200 மடங்கு. 'நம்ம ஊரு சமவெளிதானே, பிரேக் எதுக்கு' என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் நிற்காது.

பட்டறையில் அடித்து வாங்கும் டிரெய்லர்கள் பலவற்றுக்குச் சொந்த பிரேக் கிடையாது. இரண்டு டன் எடையுள்ள டிராக்டர், ஆறு டன் டிரெய்லரைத் தன் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்தப் பார்க்கிறது. அவசரத்தில் மிதித்தால் டிராக்டர் நிற்கும், டிரெய்லர் நிற்காது. பின்னாலிருந்து தள்ளி டிராக்டரையே குறுக்கே மடக்கிவிடும். டிராக்டருக்கு இடது வலது என இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் திரும்ப வசதியாகத் தனித்தனியே இயங்கும் அவற்றை, ரோட்டில் தாழ் போட்டு இணைக்க மறந்தால் ஆபத்து இரட்டிப்பாகும்.

நான்கு சக்கர டிரெய்லருக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். இரண்டு சக்கர டிப்பரின் பாரத்தில் ஒரு பங்காவது கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரத்தை அழுத்திப் பிடிப்பைக் கூட்டும். முன்னும் பின்னும் அச்சு உள்ள டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொள்கிறது. டிராக்டருக்கு அந்த உதவி கிடைக்காது. ஓர் அச்சுக்கு மட்டும் பிரேக் வைத்தால், அந்த அச்சின்மேல் இருக்கும் எடை அளவுக்குத்தான் பிடிப்பு. இரண்டு அச்சுக்கும் வைப்பதே சரி.

டிரெய்லருக்குப் பிரேக் வைக்க மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, டிராக்டர் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையையே கொண்டு பிரேக்கைப் பிடிக்க வைப்பது. டிராக்டரில் எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு வேண்டும். இரண்டாவது, டிராக்டரிலிருந்து குழாய் வழியே போகும் ஆயில் பிரேக். மூன்றாவது, கம்ப்ரஸரோடு கூடிய ஏர் பிரேக். செலவு அதிகம், கனத்த பாரத்துக்குப் பொருத்தம்.

ஐரோப்பாவில் கார் இழுக்கும் டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் அதற்குச் சொந்த பிரேக் கட்டாயம். முதல் வழியான தள்ளுவிசை பிரேக்குக்கு அத்தகைய டிரெய்லரில் 3,500 கிலோ வரைதான் அனுமதி. கொக்கி கழன்றால் தானே பிரேக் பிடிக்கும்படி ஒரு கம்பியும் இருக்கும். அங்கே படகு ஏற்றும் இரட்டை அச்சு டிரெய்லர்கள் படகை இறக்கத் தண்ணீருக்குள்ளேயே போகும். அதனால் திரும்பியதும் பிரேக்கை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். சேற்று வயலுக்குள் இறங்கும் நம் டிரெய்லருக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். டிரம்முக்குள் சேறும் ஈரமும் புகுந்தால், காயும்வரை லைனர் பிடிக்காது.

பழைய டிரெய்லரில் பிரேக் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் அச்சைப் பார்க்க வேண்டும். பிரேக் தட்டைப் பொருத்த இடமில்லாத அச்சில் வெல்டிங் வைப்பதைவிட அச்சையே மாற்றுவது பாதுகாப்பு. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதில் மாற்றம் செய்வதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

வேலை முடிந்ததும் பாரம் இல்லாமல் ஓட்டி, ஆளில்லாத பாதையில் சிலமுறை பிரேக் பிடித்துவிட்டு இறங்கி, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். நான்கிலும் ஒரே சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்யாமல் பாரம் ஏற்றக் கூடாது.