நாரின் தையலைக் கெடுக்கும் காட்மியம்

ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் நோயாளிகளின் முனகலே நோய்க்குப் பெயராயிற்று: ‘இதாய் இதாய்’. வலிக்குது, வலிக்குது என்று பொருள். இருமினாலே எலும்பு முறிந்தது. கமியோகா சுரங்கக் கழிவிலிருந்த காட்மியம் என்ற நச்சு உலோகம் ஆற்றுநீரோடு வயலில் பாய்ந்து, அரிசியில் ஏறி, சோறாக உடலுக்குள் போயிருந்தது. 1968-இல் ஜப்பான் அரசு இதை ஒப்புக்கொண்டது.

சிறுநீரகம் பழுதாகி, எலும்பின் தாது உப்புகள் குறைந்ததுதான் எலும்பு முறிவுக்கு முதன்மைக் காரணம். ஆனால் காட்மியத்தின் கை அதோடு நிற்பதில்லை. தோல், தசைநாண், ரத்தக்குழாய், நுரையீரல் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டி வைத்திருப்பது இணைப்புத் திசு. அதற்கான கொலாஜன் நாரை ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் செல்கள் உருவாக்குகின்றன. இழைகளை அடுக்கினால் மட்டும் வலு வராது. குறுக்கே தைக்க வேண்டும். தைக்கும் ஊசி, லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. தன்னிடம் செம்பு இருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஆய்வகத்தில் வளர்த்த நுரையீரல் ஃபைப்ரோபிளாஸ்டுகள் மீது காட்மியம் பட்டபோது இந்த நொதியின் செயல் குறைந்தது. காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்படுவது, செல்லின் தற்காப்பு. காட்மியத்தைக் கட்டிப்போட மெட்டலோதயோனின் என்ற புரதத்தைச் செல் ஏராளமாக உண்டாக்குகிறது. அந்தப் புரதம் செம்பையும் விடாமல் பற்றிக்கொள்ளும். காவலுக்கு வந்தவரே தையற்காரரின் நூலைப் பிடுங்கி வைத்துக்கொண்ட கதை. நுரையீரல் விரிந்து சுருங்க உதவும் எலாஸ்டினுக்கும் இதே தையல்தான். புகையிலைச் செடியோ மண்ணிலுள்ள காட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும் இயல்புடையது. பீடியோ சிகரெட்டோ, புகைப்பவர் அதை நேரே நுரையீரலுக்கு அனுப்புகிறார்.



ஜின்சு கரையில் படுக்கையில் விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்கள். பல பேறுகளால் உடலில் இரும்புச் சத்து குறைந்தால் குடல் காட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். ரத்தசோகையைச் சோர்வு என்று தள்ளிவிடும் நம் வீடுகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

அங்கே மாசுபட்ட வயல்களைச் சீர்செய்யும் பணி 2012-இல்தான் முடிந்தது. 30 ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. உடலில் சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.