விற்ற பிறகு கைகழுவலாமா?

சென்ற மாதம் நமது காரியாலயத்திலே நடந்த ஒரு சிறு சம்பவத்தை முதலில் சொல்லுகிறோம். பத்திரிகை வேலைக்கென்று இரண்டு வருஷங்களுக்கு முன் வாங்கிய மடிக் கம்ப்யூட்டர்கள் நான்கு நம்மிடம் உண்டு. அவற்றை லினக்ஸைக் கொண்டே நடத்தி வருகிறோம். அவற்றின் பர்ம்வேரில் பந்தோபஸ்துக் குறை ஒன்று இருப்பதாகவும், அதற்குத் திருத்தம் தயாராயிருப்பதாகவும் உற்பத்தி செய்த கம்பெனியாரே அறிவித்தனர். தேடிப் பார்த்ததில், அந்தத் திருத்தம் விண்டோஸில் மட்டுமே ஓடக்கூடியதாக இருந்தது. கம்பெனியின் ஏஜெண்டுக்கு எழுதினோம். விண்டோஸைப் போட்டுத் திருத்தத்தைச் செய்துகொண்டு, பிறகு வேண்டுமானால் அதை எடுத்துவிடலாம் என்று பதில் வந்தது. கூரை ஒழுகுகிறதென்று முறையிட்டவனிடம், வேறு வீட்டுக்குக் குடிபோய் நின்றுகொண்டு இந்த வீட்டுக் கூரையைப் பழுதுபாரும் என்று சொன்னது போலிருந்தது அந்தப் பதில்.

பர்ம்வேர் என்றால் என்னவென்று சில நேயர்கள் கேட்கக்கூடும். யந்திரத்துக்கு மின்சாரம் வந்தவுடன், லினக்ஸோ விண்டோஸோ கண் விழிக்கும் முன்பே, யந்திரத்தின் உறுப்புக்களைத் தட்டி எழுப்பும் ஆதாரக் கட்டளைகளே அவை. தாய்ப்பலகையிலுள்ள ஒரு சில்லில் அவை பதிந்து கிடக்கின்றன. வட்டு, திரை, விசைப்பலகை முதலிய ஒவ்வொன்றினுள்ளும் இப்படிப்பட்ட கட்டளைகள் தனித்தனியே உண்டு. இவற்றில் குறை நேர்ந்தால், மேலே எந்த அமைப்பை அழித்துப் புதிதாகப் போட்டாலும் குறை தீராது.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 2023-ம் வருஷம் டிஸம்பரில் பைனார்லி என்ற ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள் லோகோபெயில் என்ற பெயரில் ஒரு குறைக் கூட்டத்தை வெளியிட்டார்கள். யந்திரத்தைத் திறந்தவுடன் கம்பெனியின் முத்திரைப் படம் திரையில் தோன்றுகிறதல்லவா? அந்தப் படத்தைப் படித்துக் காட்டும் பகுதியிலேயே குறை. சூழ்ச்சியாக அமைத்த ஒரு படத்தை அங்கே நுழைத்துவிட்டால், மற்றக் காவல்கள் எழுந்திருக்கும் முன்பே யந்திரம் பகைவன் வசமாகிவிடக்கூடும். உலகத்தின் பெரும்பாலான கம்பெனிகளுக்குப் பர்ம்வேர் எழுதிக் கொடுக்கும் ஏ.எம்.ஐ., இன்ஸைட், பீனிக்ஸ் ஆகிய மூவருடைய சரக்கிலும் அது காணப்பட்டது. தன் பெயரை அழகாகக் காட்டிக்கொள்ள வைத்த படம், வாங்கியவனுக்குக் கேடாய் முடியக்கூடியதாயிற்று!

முற்காலத்தில் லினக்ஸ்காரர் பாடு பரிதாபம்தான். டாஸ் ஏற்றிய நெகிழ்வட்டு ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து யந்திரத்தைக் கிளப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடுவே மின்சாரம் நின்றால் யந்திரம் செங்கல்லாகிவிடும். இந்த நிலையை மாற்றியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹியூஸ் என்பவர்; ரெட் ஹாட் கம்பெனியின் பொறியாளர். திரையின் நிறங்களை அளக்கும் கலர்ஹக் என்ற சிறு கருவியைத் தாமே செய்து விற்றவர். விற்ற கருவிக்குத் திருத்தம் அனுப்புவது விற்றவனின் வேலையென்று அவருக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 2015-ல் அவர் எப்டபிள்யுஅப்டி என்ற மென்பொருளையும், எல்.வி.எப்.எஸ். என்ற சேவையையும் தொடங்கினார். பெரிய கம்பெனிகளில் டெல் முதலில் வந்தது. 2018-ல் லெனோவோ சேர்ந்தது. 2019-ல் லினக்ஸ் பவுண்டேஷன் தன் ஆதரவின் கீழ் இச்சேவையை ஏற்றுக்கொண்டது. இன்று பெடோரா, உபுண்டு போன்ற பிரபல லினக்ஸ் வகைகளிலெல்லாம் அந்த மென்பொருள் கிடைக்கிறது.

அதன் முறை வெகு எளிது. கம்பெனி தன் திருத்தத்தை, இன்ன மாடலுக்கு உரியது என்ற விவரத்தோடு ஒரே கட்டாகக் கட்டிச் சேவையில் ஏற்றுகிறது. நமது யந்திரம், திருத்தங்களின் முழுப் பட்டியலையும் இறக்கிக்கொண்டு, தனக்குரியது எதுவென்று தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது. நம்மிடம் இன்ன சாமான் இருக்கிறதென்று அந்தப் பட்டியலுக்காக யாரிடமும் ஒப்பிக்க வேண்டியதில்லை. தாய்ப்பலகையின் திருத்தமானால், அதை வட்டின் ஒரு பகுதியில் வைத்துவிட்டு யந்திரத்தை மறுபடி கிளப்பினால், பழைய பர்ம்வேரே கம்பெனியின் கையொப்பத்தைச் சோதித்துப் புதியதை எழுதிக்கொள்கிறது. மடிக் கம்ப்யூட்டரில் மின்கலத்தின் பலம் குறைந்திருந்தால் மென்பொருள் வேலையைத் தொடங்கவே மறுக்கும்.

இந்த முறையை அறிந்தவர்களுக்குக் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஏற்காது. லினக்ஸில் நூறு வகை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஊழியம் செய்ய இயலுமா என்கிறார்கள். தனித்தனியே செய்யச் சொன்னவர் யார்? ஒரே கட்டு எல்லா வகைக்கும் போதும். சில்லில் எழுதுவதும் லினக்ஸ் அன்று. கம்பெனியின் சொந்தப் பர்ம்வேர்தான். விண்டோஸ் மூலம் அனுப்புவதற்காக அநேக கம்பெனிகள் ஏற்கெனவே தயாரித்து வைத்திருக்கும் பொருளும் இதே வடிவத்ததே. சமையல் ஆகிவிட்டது, இன்னோர் இலை போடத்தான் மனமில்லை.

அப்படியானால் லினக்ஸ்காரர்களே அந்தத் திருத்தத்தை எடுத்து ஏற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதுதான் கூடாது. பர்ம்வேர் கம்பெனியின் சொத்து. அதை மறுபடி விநியோகிக்கும் உரிமை கம்பெனிக்கோ, கம்பெனி அனுமதித்தவர்க்கோதான் உண்டு. சேவையும் உரிமையில்லாதவர் ஏற்றுவதை அனுமதிப்பதில்லை. அது நியாயமே, ஊர் பேர் தெரியாதவன் கொடுத்த பர்ம்வேரை யார் யந்திரத்தில் ஏற்றுவார்? ஆகவே எவ்வளவு திறமையுள்ள தொண்டரும் இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாகிறது. கம்பெனியின் மனம் ஒன்றே பாக்கி.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சேவை கம்பெனிகளிடம் கட்டணம் வாங்காமலே வளர்ந்தது. அதன் வழியே போய்ச் சேர்ந்த திருத்தங்கள் பத்துக் கோடிக்கு மேல். 2025-ல்தான், இதனால் ஆதாயம் அடையும் கம்பெனிகள் பாரத்தில் பங்கு கொள்ள வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கில் யந்திரங்களை விற்போர் இதைப் பெரும் பாரமென்று சொல்லிக்கொள்வது நமக்கு வேடிக்கையாகத் தோன்றுகிறது.

நிற்க. வாங்குவோர் செய்யக்கூடியது என்ன? நாம் சட்டத் தொழிலிலும் இருப்பதால் இதைச் சொல்லுகிறோம். 1930-ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-வது பிரிவு ஒரு வழி காட்டுகிறது. இன்ன காரியத்துக்குச் சரக்கு வேண்டுமென்று தெரிவித்து, அத்தொழிலையே நடத்தும் விற்பவனின் திறமையை நம்பி வாங்கினால், சரக்கு அந்தக் காரியத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டுமென்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் அடங்கியதாகும். ஆனால் மார்க்கின் பெயரைச் சொல்லி இதைத்தான் கொடு என்று வாங்கினவனுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. நம்மில் பெரும்பாலோர் வாங்குவது இவ்விதமே. இந்தப் பிரிவை மட்டும் நம்பிப் பர்ம்வேருக்காகக் கோர்ட்டு ஏறும்படி நாம் யோசனை சொல்லமாட்டோம். லினக்ஸில் நடத்தப்போகிறோம், இத்தனை வருஷம் திருத்தம் வர வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிக்கொள்வதே உத்தமம். எழுதும் முன், சேவையின் பட்டியலைப் பார்த்தால், அந்த மாடலுக்கு இதுவரை திருத்தங்கள் வந்திருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும்.

தனி மனிதன் எழுதினால் கம்பெனி கேட்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அரசாங்கம் எழுதினால் கேட்கும். பல வருஷங்களாகக் கேரளத்து அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் லினக்ஸே நடந்து வருகிறது. அப்படிப்பட்ட ஒரு கொள்முதலின் டெண்டரில் இந்த ஒரு நிபந்தனை மட்டும் ஏறினால், இயலாது என்று சொல்லிக்கொண்டிருப்போர் எவ்வளவு விரைவில் இயலும் என்பார்கள் என்பதை நாம் காணலாம். விலையும் வேகமும் பார்க்கிற டெண்டர் அதிகாரிகள் இதையும் பார்ப்பதற்கு எவ்விதச் சட்டத் தடையும் நமக்குப் புலப்படவில்லை. சட்டசபை அங்கத்தினர்கள் தத்தம் இலாகாக்களைக் கேட்கட்டும்.

நமது காரியாலயத்துக்குப் புதிதாக வாங்கவிருக்கும் யந்திரங்களுக்காக ஐந்து வியாபாரிகளுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கேள்வியையே முதலில் வைத்தோம். இருவர் மாடலின் பெயரைக் குறித்து, திருத்தம் லினக்ஸிலேயே வரும் என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் கேள்வியைத் தொடாமல் விலையை மட்டும் குறைத்திருக்கிறார். மற்ற இருவரின் பதில் இதுவரை வரவில்லை.