ஷோகேஸுக்குக் கண்ணாடி போடப் போகிறீர்களா?

கூடத்தில் ஒரு ஷோகேஸ் இருந்தால் வீட்டுக்கே தனிக் களை வந்துவிடும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, பண்ருட்டி மண் பொம்மைகள், சன்னபட்டணத்து மரச் சாமான்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிவந்த கோப்பைகள் என்று ஆசையாய்ச் சேர்த்தவற்றைத் தூசு படாமல் வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? பழைய கட்டில் சட்டத்தையோ கதவுப் பலகையையோ வைத்து, ஆசாரியைக் கூப்பிட்டு வீட்டிலேயே செய்துகொள்கிறவர்களும் நம்மில் நிறைய. போன கோடையில் நானும் அப்படித்தான் செய்துகொண்டேன்.

மரத்தைப் பற்றி நாலு பேரிடம் கேட்போம். பாலிஷ் என்ன நிறம் என்று ஒரு வாரம் யோசிப்போம். கண்ணாடி என்று வரும்போது மட்டும், "ஏதோ ஒண்ணு போடுங்க" என்று விட்டுவிடுவோம். ஆனால் குழந்தை தவழுகிற வீட்டில் முதலில் யோசிக்க வேண்டியதே கண்ணாடியைத்தான்!

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பையன் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஷோகேஸ் கதவில் மோதிவிட்டான். கண்ணாடி கத்தி மாதிரி நீள நீளமாய்ப் பிளந்து விழுந்தது. முன்கையில் ஆறு தையல். "இன்னும் கொஞ்சம் ஆழமா இறங்கியிருந்தா விரலே மடங்காமப் போயிருக்கும்" என்றாராம் டாக்டர். அந்தத் தாய் சொல்லி அழுததைக் கேட்ட பிறகு, நன்றாக விசாரிக்காமல் எங்கள் வீட்டில் கண்ணாடி ஏறாது என்று தீர்மானித்துக்கொண்டேன். விசாரித்ததில் தெரிந்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று ரகம்

சாதாரணக் கண்ணாடி: கடையில் 'பிளெயின்' என்பார்கள். விலை குறைவு. எந்த அளவுக்கும் அங்கேயே அறுத்துத் தருவார்கள். உடைந்தால் ஒவ்வொரு துண்டும் ஈட்டி முனைதான். சுவரில் உயரத்தில் மாட்டும் படத்துக்கு இது போதும். குழந்தையின் கைக்கு எட்டும் கதவுக்கு வேண்டாம்.

டஃபண்ட் கண்ணாடி: சாதாரணக் கண்ணாடியையே அளவாக அறுத்து, ஓரம் தேய்த்து, உலையில் 600 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடாக்கி, உடனே இருபுறமும் காற்றைப் பீய்ச்சி ஆறவைக்கிறார்கள். மேல்புறம் முதலில் இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கும்போது மேல்புறத்தை நெருக்கிப் பிடித்துக்கொள்கிறது. அதனால் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு பலம். அப்படியும் உடைந்தால் கல்கண்டு மாதிரி சின்னத் துண்டுகளாய் உதிரும். சிராய்ப்பு வரலாம், ஆழமாக வெட்டுவது அபூர்வம்.

லேமினேட்டட் கண்ணாடி: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் கீழே கொட்டாமல் ஏட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். காரின் முன்கண்ணாடி இந்த ரகம்தான். 1909-ல் பிரெஞ்சுக்காரர் எடுவார் பெனெடிக்டஸ் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை நடு ஏடு பெருமளவு தடுப்பதால் பொம்மைச் சாயமும் சீக்கிரம் வெளுக்காது. விலையும் எடையும்தான் கூடுதல்.

எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு 5 எம்.எம். டஃபண்ட் போட்டோம். உள்தட்டுகளுக்குக் கண்ணாடியே வேண்டுமென்றால் 6 எம்.எம்.முக்குக் குறையாமல் போட்டு, மூன்றடிக்கு மேல் நீளம் போனால் நடுவில் ஒரு தாங்கி கொடுங்கள். வெண்கலம், பித்தளை மாதிரிக் கனமான சாமான்களுக்கு மரத்தட்டே நல்லது.

அளவு எடுக்கும்போது

"சின்ன ஷோகேஸ்தானேம்மா, பிளெயினே போதும்" என்பார் கடைக்காரர். "வீட்டில் குழந்தை இருக்கு அண்ணே, டஃபண்டே போட்டுக் கொடுங்க" என்று உறுதியாய்ச் சொல்லிவிடுங்கள். பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்கள். கண்ணாடியின் மூலையில் அழியாத சின்ன முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 2553.

டஃபண்ட் கண்ணாடியைச் செய்து முடித்த பிறகு அறுக்கவோ துளை போடவோ முடியாது. முயன்றால் மொத்தமும் உதிர்ந்துவிடும். ஆகவே கதவுச் சட்டத்தை முதலில் முடித்துவிட்டு, மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டுக்கும் பிடிக்கும் துளை வேண்டுமானால் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

நாலு பக்கமும் இரண்டு, மூன்று எம்.எம். இடைவெளி விடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும். இறுக்கமாய் மாட்டிய கண்ணாடி அப்போது விரிசல் விடும். பீடிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ரப்பர் பட்டை வேண்டும். ஆணி கண்ணாடியைத் தொடவே கூடாது. டஃபண்டுக்குப் பலவீனமான இடம் ஓரமும் மூலையும். மாட்டும் வரை அதை வெறும் டைல்ஸ் தரையில் நிறுத்தாமல், மடித்த சாக்கின் மேல் வையுங்கள்.

எடையையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்றடிக்கு இரண்டடி, 5 எம்.எம். கண்ணாடி மட்டுமே சுமார் 7 கிலோ வரும். கீல் அதற்குத் தகுந்த பலமாய் இருக்க வேண்டாமா?

இன்னும் சில

* ஷோகேஸை எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். குழந்தை தட்டைப் பிடித்து ஏறினால் அலமாரியே சாயும். அது கண்ணாடி உடைவதைவிடப் பெரிய ஆபத்து.

* முடிந்தால் கீழே இரண்டடி உயரம்வரை மரக்கதவு வையுங்கள்.

* விளையாட்டுச் சாமானை ஷோகேஸின் மேல் வைக்காதீர்கள். ஏறச் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி அது!

* ஏற்கெனவே சாதாரணக் கண்ணாடி போட்டிருந்தால், பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் துண்டுகள் சிதறாது.

* அக்ரிலிக் ஷீட் கண்ணாடியில் பாதி எடைதான், எளிதில் உடையாது. ஆனால் கீறல் விழும், தீப்பிடிக்கும். சுவாமி விளக்குப் பக்கத்தில் வேண்டாம்.

உடைந்துவிட்டால்?

முதலில் குழந்தையைத் தூக்கி வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். செருப்பில்லாமல் உள்ளே வராதீர்கள். பெரிய துண்டுகளைத் தடித்த துணியால் எடுத்து, மற்றதைப் பெருக்கி, கடைசியில் ஈரச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் மீதித் தூள் மின்னும். எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியில் கட்டி, மேலே 'கண்ணாடி' என்று எழுதிக் கொடுங்கள். குப்பை எடுக்க வருகிறவரின் கையும் கைதானே!

உடம்பில் ஆழமாய்க் குத்தி நிற்கும் துண்டைப் பிடுங்காதீர்கள். அதன் இரு பக்கமும் துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டஃபண்ட் போட்டால் செலவு கொஞ்சம் கூடும், இல்லையென்று சொல்லமாட்டேன். பாலிஷிலோ கைப்பிடியிலோ அதைக் குறைத்துக்கொள்ளலாம். பளபளப்பான பிடியை அடுத்த வருஷம்கூட மாட்டிக்கொள்ளலாம், கண்ணாடியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.